கல்விச் செயலிகளும் கைப்பேசி விளையாட்டுகளும்: இளம் மாணவர்களின் பெற்றோருக்கான நலவாழ்வு வழிகாட்டி

பொதுத் தகவல்

எழுத்து, எண், கதை, படம், புதிர் ஆகியவற்றைக் கைப்பேசி அல்லது கைக்கணினி வழியாகக் குழந்தைக்குக் கற்பிக்கும் நோக்குடன் உருவாக்கப்பட்ட மென்பொருள்கள் கல்விச் செயலிகள் எனப்படுகின்றன. அவற்றுள் பல, விளையாட்டின் வடிவிலேயே அமைந்துள்ளன. சரியான விடைக்கு நட்சத்திரம் கிடைக்கும். தவறினால் மீண்டும் முயலலாம். ஒரு நிலையைக் கடந்தால் அடுத்த நிலை திறக்கும்.

முன்பருவக் கல்வி முதல் 5 ஆம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளின் பெற்றோருக்காக இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது. தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் வட்டத்தின் குடும்பச் சூழல் இதில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. வேளாண்மையும் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் தொழிலும் இப்பகுதியின் பல குடும்பங்களுக்கு வாழ்வாதாரம். பல இல்லங்களில் திறன்பேசி ஒன்றே உண்டு. தாயின் கைகள் வேலையில் இருக்கும் நேரத்தில் அந்தத் திறன்பேசி குழந்தையின் கைக்குச் செல்கிறது. "பாடம்தானே படிக்கிறான்" என்ற எண்ணம் பெற்றோருக்கு ஆறுதலாக அமைகிறது.

அந்த எண்ணம் ஓரளவு சரியானது, முழுவதும் சரியானதன்று. திரையில் தெரிவது பாடமா விளையாட்டா என்பதைக் கண்ணும் உறக்கமும் உடலும் வேறுபடுத்தி அறிவதில்லை. செயலியிலிருந்து குழந்தை உண்மையில் எவ்வளவு கற்கிறது என்பதையும் செயலி மட்டும் தீர்மானிப்பதில்லை. அருகில் உள்ள பெரியவரின் பேச்சும் கேள்வியும் அதில் பெரும் பங்கு வகிக்கின்றன. இவ்விளக்கத்தின் மையக் கருத்து இதுவே.

தமிழ்நாட்டில் கல்விச் செயலிகளின் பயன்பாடு

2020 மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, தமிழ்நாட்டின் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குத் திரையே வகுப்பறையானது. 2019 இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, பாடங்களை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த ஒன்றரை ஆண்டில் கைப்பேசியைப் படிப்பிற்கான பொருளாகக் காணும் பழக்கம் பல வீடுகளில் நிலைபெற்றது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய அரசு சார்ந்த முயற்சிகள் சில:

• திக்‌ஷா: இந்திய அரசு 2017 இல் தொடங்கிய கல்வித் தளம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீட்டை இச்செயலியால் வருடினால், அந்தப் பாடத்திற்குரிய காணொலியோ பயிற்சியோ திறக்கும்.
• எண்ணும் எழுத்தும்: 2022 ஜூன் மாதத்தில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, அடுத்த கல்வியாண்டில் 4, 5 ஆம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்ட திட்டம். குழந்தையின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனும் மூன்று படிநிலைகளில் பாடம் நடத்தப்படுகிறது. ஆசிரியர்கள் மாணவரின் நிலையைச் செயலி வழியாக மதிப்பிடுகின்றனர்.
• இல்லம் தேடிக் கல்வி: 2021 இல் தொடங்கப்பட்ட, தன்னார்வலர்களைக் கொண்ட மாலைநேரக் கற்றல் திட்டம். குழந்தை உரக்கப் படிப்பதைக் கேட்டுத் திருத்தும் கூகுள் நிறுவனத்தின் வாசிப்புச் செயலியைக் கொண்டு, 2022 ஜூன் மாதத்தில் இத்திட்டத்தின் கீழ் மாநில அளவில் வாசிப்பு மாரத்தான் நடத்தப்பட்டது.
• மணற்கேணி: பள்ளிக் கல்வித் துறை 2023 இல் வெளியிட்ட செயலி.  

இவை கட்டணமில்லாதவை. "அரசின் செயலி" என்று கூறிக்கொண்டு கட்டணம் கேட்கும் அல்லது வங்கி விவரம் கேட்கும் எதையும் நிறுவ வேண்டாம். ஐயம் இருப்பின் வகுப்பாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

செயலியிலிருந்து குழந்தை எவ்வாறு கற்கிறது?

மிக இளம் குழந்தைகள் மனிதரிடமிருந்து கற்பதைப் போலத் திரையிலிருந்து கற்பதில்லை. அமெரிக்காவில் 2003 இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலம் பேசும் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் 12 அமர்வுகளில் விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளை இனங்காணக் கற்றன. அதே பேச்சைக் காணொலியில் மட்டும் கண்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. சொற்கள் ஒன்றே, நேரில் ஓர் ஆள் இருந்ததே வேறுபாடு.

வயது ஏற ஏற, திரையிலிருந்து கற்கும் ஆற்றல் வளர்கிறது. எனினும் எல்லாச் செயலிகளும் அதற்கு உதவுவதில்லை. நல்ல கல்விச் செயலிக்கு நான்கு இயல்புகள் இருக்க வேண்டும் எனக் குழந்தைக் கற்றல் அறிஞர்கள் 2015 இல் வரையறுத்தனர்.

1. குழந்தை சிந்தித்துச் செயல்பட வேண்டும். வெறுமனே தட்டிக்கொண்டிருப்பது போதாது.
2. கவனம் பாடத்தில் நிலைக்க வேண்டும். ஒலியும் ஒளியும் பரிசும் அதைச் சிதறடிக்கக் கூடாது.
3. கற்பது குழந்தையின் வாழ்வோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும்.
4. பிறருடன் பேசவும் சேர்ந்து செய்யவும் இடம் தர வேண்டும்.

"கல்வி" என்ற பிரிவில் இடம்பெற்றிருப்பதால் மட்டும் ஒரு செயலிக்கு இந்த இயல்புகள் இருப்பதாகக் கொள்ள இயலாது. அப்பிரிவில் எதைச் சேர்ப்பது என்பதை முதலில் தெரிவு செய்வது அதனை உருவாக்கிய நிறுவனமே.

வயதுக்கேற்ற நேர வரம்பு

உலக சுகாதார நிறுவனம் 2019 இலும், இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் அதன் பின்னரும் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் சாரம் வருமாறு:

• 2 வயதுக்குக் கீழ்: திரை தவிர்க்கப்பட வேண்டும். வெளியூரில் உள்ள உறவினருடன் எப்போதாவது காணொலியில் பேசுவது மட்டும் விலக்கு.
• 2 முதல் 5 வயது வரை: நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது. குறைவாக இருப்பது மேலும் நன்று. பெரியவர் உடனிருக்க வேண்டும்.
• 5 முதல் 10 வயது வரை: நாளொன்றுக்கு 2 மணி நேரத்திற்குக் குறைவாக இருத்தல் வேண்டும்.

இவ்வரம்பைக் கணக்கிடும்போது தொலைக்காட்சி, காணொலி, விளையாட்டு, பாடச்செயலி ஆகிய அனைத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சி பார்த்த குழந்தைக்கு, "இது படிப்பு" எனக் கூறி மேலும் இரண்டு மணி நேரம் கைப்பேசி தருவது வரம்பைக் கடப்பதாகும்.

பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்பு தவிர்க்க இயலாததாக இருந்தபோதும், மத்தியக் கல்வி அமைச்சகம் 2020 இல் வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றே வரையறுத்தது. பள்ளிகள் முழுமையாக இயங்கும் இக்காலத்தில், தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு வீட்டில் ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் கல்விச் செயலி போதுமானது.

உடல்நலத்தின்மீது ஏற்படும் விளைவுகள்

கண்கள்

கைப்பேசியின் எழுத்துகள் சிறியவை. ஆகவே குழந்தைகள் புத்தகத்தைவிட அதனை முகத்திற்கு நெருக்கமாகப் பிடிக்கின்றனர். நீண்ட நேரம் அருகிலேயே நோக்குவதும், பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் நேரம் குறைவதும் கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பை அதிகரிக்கின்றன. கிட்டப்பார்வையில் கண்விழி இயல்பைவிட நீளமாக வளர்கிறது. தொலைவில் உள்ளவை மங்கலாகத் தெரிகின்றன. நீண்ட கண்விழி மீண்டும் சுருங்குவதில்லை. ஆகையால் தடுப்பதே சிறந்தது.

தடுப்பதற்கான எளிய வழி வெளியில் விளையாடுவது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் மூன்று ஆண்டுகள் நடைபெற்ற ஆய்வு 2015 இல் வெளியானது. நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளிப்புற வகுப்பு நடத்தப்பட்ட பள்ளிகளில் 30.4 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டது. ஏனைய பள்ளிகளில் அது 39.5 விழுக்காடாக இருந்தது. மரநிழலில் உள்ள வெளிச்சம்கூட வீட்டினுள் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுதியானது. எனவே உச்சி வெயிலில் விளையாட வேண்டிய தேவையில்லை.

திரையை நோக்கும்போது இமைப்பது குறைகிறது. அதனால் கண் உலர்ந்து எரிச்சலும் உறுத்தலும் ஏற்படும். குற்றாலப் பருவக் காலத்தில் மலையிலிருந்து வீசும் பலத்த காற்று இவ்வுறுத்தலை மிகுவிக்கக்கூடும். கண்ணைக் கசக்க வேண்டாம் எனக் குழந்தைக்குக் கூறுங்கள்.

உறக்கம்

6 முதல் 12 வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. 3 முதல் 5 வயதினருக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. படுக்கைக்குச் செல்லும் முன் விளையாட்டுச் செயலியைப் பயன்படுத்தினால், திரையின் ஒளியும் விளையாட்டின் பரபரப்பும் உறக்கத்தைத் தள்ளிப்போடுகின்றன. அன்று கற்றதை மூளை நிலைப்படுத்துவது உறக்கத்தில்தான். ஆகவே இரவு நேரச் செயலிப் படிப்பு கற்றலுக்கே எதிராக அமையலாம்.

உடல், செவி, உணவு

• கழுத்தை வளைத்து நெடுநேரம் அமர்வதால் கழுத்து, தோள், முதுகு ஆகியவற்றில் வலி ஏற்படும்.
• செவிப்பொறியை உரத்த ஒலியில் பயன்படுத்துவது கேட்கும் திறனைப் பாதிக்கும். ஒலி அளவு 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம்.
• திரையைப் பார்த்தபடி உண்ணும் குழந்தை, பசி அடங்கியதை உணர்வதில்லை. உணவு நேரத்தில் திரை கூடாது.
• 5 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாள்தோறும் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடங்கள் ஓடியாடும் உடலுழைப்பு வேண்டும்.

மனநலமும் நடத்தையும்

நாணயம், பரிசுப் பெட்டி, "இன்று வராவிட்டால் இழப்பீர்கள்" என்ற அறிவிப்பு ஆகியவை குழந்தையை நிறுத்தவிடாமல் வைத்திருப்பதற்காகவே அமைக்கப்படுகின்றன. கைப்பேசியைத் திரும்பப் பெறும்போது குழந்தை அழுவது இயல்பே. ஆனால் நாள்தோறும் கட்டுக்கடங்காத சினம், நண்பர்களுடன் விளையாட மறுத்தல், பொய் கூறிக் கைப்பேசியை எடுத்தல் ஆகியவை தொடர்ந்தால் கவனம் தேவை.

வேலையில் இருக்கும் பெற்றோர் செய்யக்கூடியவை

குழந்தையின் அருகில் அமர்ந்து செயலியைப் பயன்படுத்துமாறு பல வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நாளொன்றுக்கு இத்தனை பீடி எனக் கணக்கு முடிக்க வேண்டிய தாய்க்கு அது எளிதன்று. இதில் அவர் மீது குறை காண ஏதுமில்லை. எனினும், கைகள் வேலையில் இருந்தாலும் செவியும் வாயும் வேலையில் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். குழந்தையின் கற்றலுக்குப் பெரிதும் தேவைப்படுவன இவ்விரண்டே.

• படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தை பாடநூலையோ கதைப் புத்தகத்தையோ உரக்கப் படிக்கட்டும். வாசிப்புச் செயலி செய்வதும் இதுவே: குழந்தை படிக்கிறது, ஒருவர் கேட்கிறார். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கேட்க இயலும்.
• கேள்வி கேளுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?", "அவன் ஏன் அப்படிச் செய்தான்?", "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்ற மூன்று கேள்விகள் எந்தக் கதைக்கும் பொருந்தும்.
• செயலியில் செய்ததை வீட்டில் செய்யச் சொல்லுங்கள். திரையில் பத்து வரை எண்ணிய குழந்தை, புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவிக்கட்டும். வடிவங்களைக் கற்ற குழந்தை, வீட்டில் வட்டமாக உள்ளவற்றைத் தேடட்டும்.
• ஆச்சி, தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழியும் தாயமும் எண்ணுதல், கூட்டல், காத்திருத்தல், தோல்வியை ஏற்றல் ஆகியவற்றைக் கற்பிக்கும் விளையாட்டுகளே. அவற்றில் விளம்பரம் இல்லை.

குழந்தை புகையிலைத் தூள் படாத தொலைவில், காற்றோட்டமான இடத்தில் அமரட்டும். பீடி சுற்றும் வேலையில் குழந்தையை ஈடுபடுத்த வேண்டாம். புகையிலையைக் கையாண்ட கைகளைக் கழுவிய பின்னரே கைப்பேசியையும் குழந்தையையும் தொடுங்கள். கைப்பேசியின் மேற்பரப்பையும் அவ்வப்போது துடையுங்கள்.

பெரியவர் எவரும் கேட்கக்கூட இயலாத நேரத்தில் கைப்பேசியைத் தர நேர்ந்தால், நீங்கள் முன்பே பார்த்துத் தேர்ந்த ஒரு செயலியை மட்டும், நேரம் குறித்துத் தாருங்கள். தானாக அடுத்தடுத்து ஓடும் காணொலித் தளங்களைத் தர வேண்டாம்.

செயலியைத் தேர்ந்தெடுக்கும் முறை

குழந்தையிடம் தருவதற்கு முன் நீங்கள் அல்லது வீட்டில் உள்ள மூத்த பிள்ளை பத்து நிமிடங்கள் செயலியைப் பயன்படுத்திப் பாருங்கள். பின்வரும் வினாக்களுக்கு விடை காணுங்கள்.

• குழந்தையின் நிலைக்கு ஏற்றதா? வகுப்பாசிரியரிடம் உங்கள் குழந்தை அரும்பு, மொட்டு, மலர் ஆகியவற்றுள் எந்நிலையில் உள்ளது என்று கேளுங்கள். மொட்டு நிலையில் உள்ள குழந்தைக்கு அரும்பு நிலைப் பயிற்சி சலிப்பூட்டும். மலர் நிலைப் பயிற்சி அச்சமூட்டும்.
• தமிழில் உள்ளதா? உச்சரிப்பு தெளிவாக உள்ளதா? ல, ள, ழ வேறுபாடு சரியாக ஒலிக்கிறதா?
• தவறான விடைக்கு என்ன நிகழ்கிறது? ஏன் தவறு என்பதை விளக்குவது நல்ல செயலி. கண்மூடித்தனமாகத் தட்டினாலும் நட்சத்திரம் தருவது நல்ல செயலியன்று.
• விளம்பரம் வருகிறதா? குழந்தையால் விளம்பரத்தையும் பாடத்தையும் பிரித்தறிய இயலாது. ஒரு தட்டலில் வேறு தளத்திற்குச் சென்றுவிடும்.
• இணையம் இல்லாமலும் இயங்குமா? ஒருமுறை தரவிறக்கிய பின் இணையத்தை அணைத்துவிட்டுப் பயன்படுத்துவது செலவையும் இடரையும் குறைக்கும்.
• எவற்றுக்கெல்லாம் அனுமதி கேட்கிறது? எண்கணிதம் கற்பிக்கும் செயலிக்குத் தொடர்பு எண்களோ இருப்பிடமோ தேவையில்லை.
• முடிவு உள்ளதா? "இன்றைய பாடம் முடிந்தது" என்று நிறுத்தும் செயலியே விரும்பத்தக்கது.

2023 ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் எனக் கொள்கிறது. அவர்களது தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் எனவும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது எனவும் அது கூறுகிறது. ஆகவே குழந்தையின் உண்மையான வயதையே பதிவு செய்யுங்கள். வயதைக் கூட்டிப் பதிவு செய்தால் இப்பாதுகாப்பு கிடைக்காமல் போகும்.

வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால்

பெரியவரின் கைப்பேசியைக் குழந்தை பயன்படுத்தும்போது பின்வரும் முன்னெச்சரிக்கைகள் தேவை.

• பணப் பரிமாற்றச் செயலிகளுக்குக் கடவுச்சொல் வையுங்கள். அதனைக் குழந்தையிடம் கூற வேண்டாம்.
• செயலிக் கடையில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமையுங்கள்.
• ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அமைப்புகள் பகுதியில், திறந்துள்ள ஒரு செயலியை மட்டும் திரையில் நிலைநிறுத்தும் வசதி உண்டு. அதனை இயக்கினால் குழந்தை வேறு செயலிக்குச் செல்ல இயலாது.
• மின்னேற்றத்தில் உள்ள கைப்பேசியைக் குழந்தையிடம் தர வேண்டாம்.
• பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை அக்கைப்பேசியில் எவரும் வைத்திருக்க வேண்டாம். பணம் தவறிப் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.

நாள்தோறும் கடைப்பிடிக்கத்தக்க நடைமுறை

1. பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் சிற்றுண்டி, பின்னர் வெளியில் விளையாட்டு. பாண்டி, கண்ணாமூச்சி, பம்பரம், மிதிவண்டி என எதுவாயினும் நன்று. சாரல் நாள்களில் திண்ணையிலோ கொட்டகையிலோ விளையாடலாம். சிற்றாறு, குளம், கிணறு ஆகியவற்றின் அருகே பெரியவரின்றி விளையாட விடக் கூடாது.
2. வீட்டுப்பாடம், அதன்பின் உரக்க வாசித்தல்.
3. விளக்கு வெளிச்சம் நன்றாக உள்ள அறையில் 15 முதல் 20 நிமிடங்கள் கல்விச் செயலி. கைப்பேசி முகத்திலிருந்து ஓரடிக்குக் குறையாத தொலைவில் இருக்கட்டும். படுத்துக்கொண்டு பார்க்கக் கூடாது.
4. பார்த்து முடித்ததும் வாசலுக்கு வந்து 20 அடிக்கு அப்பால் உள்ள மரத்தையோ மலையையோ சிறிது நேரம் நோக்கட்டும். தொடர்ந்து திரையைப் பார்க்க நேர்ந்தால் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 வினாடிகள் இவ்வாறு செய்வது கண்ணுக்கு ஓய்வளிக்கும்.
5. திரையின்றி இரவு உணவு.
6. உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன் எல்லாத் திரைகளும் அணைக்கப்பட வேண்டும். கைப்பேசி குழந்தையின் படுக்கையருகே இருக்கக் கூடாது.

இவ்விதிகள் பெரியவர்களுக்கும் பொருந்தும். உணவு வேளையில் தந்தை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழந்தை அதனையே கற்கும்.

தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: கண்ணாடி அணிந்தால் பார்வைக் குறை கூடும்.
உண்மை: சரியான கண்ணாடி பார்வைக் குறையைக் கூட்டுவதில்லை. அணியாவிட்டால் கரும்பலகை தெரியாமல் குழந்தையின் படிப்பு பின்தங்கும்.

நம்பிக்கை: நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அணிந்தால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.
உண்மை: அக்கண்ணாடிகள் கண் களைப்பைக் குறைப்பதற்குப் போதிய சான்று இல்லை. நேரத்தைக் குறைப்பதற்கு அவை மாற்றாகா.

நம்பிக்கை: ஒரு வயதிலேயே செயலியில் எழுத்துகளைக் காட்டினால் குழந்தை விரைவில் பேசும்.
உண்மை: பேச்சு, பேச்சைக் கேட்டும் மறுமொழி பெற்றும் வளர்கிறது. தாலாட்டும் கதையும் உரையாடலுமே அவ்வயதிற்குரிய பாடம்.

நம்பிக்கை: குழந்தை பேசத் தாமதமாவதற்குக் கைப்பேசி மட்டுமே காரணம்.
உண்மை: கேட்கும் திறன் குறைபாடு உள்ளிட்ட வேறு காரணங்கள் இருக்கலாம். கைப்பேசியை நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

பின்வருவனவற்றுள் எது காணப்பட்டாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.

• கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், தலையைச் சாய்த்துப் பார்த்தல், தொலைக்காட்சிக்கு மிக அருகில் செல்லுதல்
• கரும்பலகையில் உள்ளதைத் தவறாக எழுதிவருதல்
• அடிக்கடி தலைவலி, கண் சிவத்தல், நீர் வடிதல், மாறுகண்
• 2 வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை
• உறக்கமின்மை, பகலில் சோர்வு, வகுப்பில் உறங்குதல்
• கைப்பேசி தராவிட்டால் தன்னையோ பிறரையோ துன்புறுத்துதல்

சிறு குழந்தைகள் "எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று கூறுவதில்லை. தங்களுக்குத் தெரிவதே எல்லார்க்கும் தெரிவது என அவர்கள் எண்ணுகின்றனர். எனவே குறை கூறாவிட்டாலும் பள்ளியில் சேர்க்கும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் கண் பரிசோதனை தேவை.

அரசு வழங்கும் சேவைகள்

2013 இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறையும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறையும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. பார்வைக் குறை, கேட்கும் திறன் குறைபாடு, பேச்சுத் தாமதம் ஆகியவை இதில் கண்டறியப்படுகின்றன. குழு வரும் நாளைப் பள்ளியில் கேட்டறிந்து, அன்று குழந்தை தவறாது பள்ளிக்குச் செல்வதை உறுதி செய்யுங்கள். பார்வைக் குறை உறுதியாகும் பள்ளி மாணவர்களுக்கு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின்கீழ் விலையில்லாக் கண்ணாடி வழங்கப்படுகிறது. மேல் சிகிச்சை தேவைப்படுவோர் தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவர்.

உதவி எண்கள்

• மருத்துவ ஆலோசனை: 104
• மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
• பள்ளிக் கல்வி உதவி மையம்: 14417
• குழந்தைகள் உதவி எண்: 1098
• இணையவழிப் பண மோசடி: 1930

நினைவில் கொள்க

• பாடச் செயலியில் செலவாகும் நேரமும் திரை நேரமே.
• வேலைக்கு நடுவிலும் குழந்தை படிப்பதைக் கேளுங்கள், கேள்வி கேளுங்கள்.
• வெளியில் விளையாடுவது கண்ணுக்குப் பாதுகாப்பு.
• ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை செய்யுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படும் தகவல்கள். இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.